டிக்கட்டைக் கண்டதும் காசு கட்டிவிடும் உறவுகளுக்கு

லண்டனிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் காரும் வானும் ஓட்டும் ஈழத்தமிழ் உறவுகளுக்கு,



பார்க்கிங் டிக்கட்டைப் பற்றி எழுதுகிறேன். இதற்கெல்லாம் ஒரு திறந்த மடலா என்று நினைக்கவேண்டாம். லண்டன் கவுன்சில்கள் விதிக்கக்கூடிய உச்சத் தொகை 2025 ஏப்ரலில் 160 பவுணாக ஏறியது. அதே மாதத்தில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12 பவுண் 21 பென்ஸாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் கடையிலோ கேர் ஹோமிலோ நின்ற ஒருவர் 13 மணித்தியாலம் உழைத்தாலும் அந்த ஒரு கடதாசிக்குக் காணாமல் இருந்தது. பிழை எங்களுடையதென்றால் கட்டத்தான் வேண்டும். பிழை செய்யாமலே கட்டுகிறோமே, அதைப் பற்றியதுதான் இந்த மடல்.

சனி, ஞாயிறுகளில் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலிலும் கோயில் மண்டபத்திலும் இந்தக் கடிதங்களை என்னிடம் கொண்டுவந்து நீட்டுகிறீர்கள். பெரும்பாலும் ஒரே பேச்சுத்தான்: "காசைக் கட்டிப்போட்டன். ஆனா இது சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ." கட்டிய பிறகு பார்த்து என்ன செய்வது? இந்த நாட்டு நடைமுறையில் காசு கட்டினால் விடயம் அத்தோடு முடிந்துவிட்டது. பிறகு உங்கள் பக்கம் எத்தனை நியாயம் இருந்தாலும் கேட்பதற்கு ஆளில்லை. எழுதுவதென்றால் கட்டுவதற்கு முன் எழுத வேண்டும்.

ஏன் எழுதாமல் கட்டுகிறோம் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அரசாங்க முத்திரையோடு வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தால் அது நல்லதுக்கு வரவில்லை என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே வந்த பிறகும் குரோய்டன் லூனர் ஹவுஸ் வாசலில் விடியமுன் வரிசையில் நின்றவர்கள் எங்களில் எத்தனை பேர்! ஹோம் ஒஃபீஸ் கடிதம் ஒன்றுக்காக வருடக்கணக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்களுக்கு, தபாலில் வரும் எந்தக் கடிதமும் கட்டளையாகத்தான் தெரியும். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அது எங்களைக் காப்பாற்றிய பயம். ஆனால் ஒரு தரிப்பிடத்து டிக்கட்டுக்கு முன்னால் அதற்கு வேலையில்லை.

"எதிர்த்து எழுதினா பிள்ளையின்ர சிட்டிசன்ஷிப்புக்குக் கரைச்சல் வராதோ?" என்று ஒரு அம்மா கேட்டார். வராது அம்மா. கவுன்சில் தரும் பார்க்கிங் டிக்கட் குற்றவியல் விடயமே அல்ல. 1991ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் லண்டனில் அதைப் பொலிஸின் கையிலிருந்து எடுத்துக் கவுன்சில்களிடம் கொடுத்த நாளிலிருந்து அது ஒரு சிவில் தண்டப்பணம் மட்டுமே. தனியார் தரிப்பிட நிறுவனம் அனுப்புவதோ அதுவும் அல்ல. ஒப்பந்தத்தை மீறினாய், காசு தா என்று ஒரு கம்பனி அனுப்பும் பில். இரண்டையும் எதிர்த்து எழுதலாம் என்று சட்டமே வழி வைத்திருக்கிறது. எழுதுவதால் உங்கள் பெயரில் எந்தப் பதிவும் விழாது. கம்பனி பில்லுக்கு எழுதாமலும் கட்டாமலும் விட்டு, அது கவுன்டி நீதிமன்றத் தீர்ப்பாக மாறினால்தான் பதிவு விழும். குடியுரிமை விண்ணப்பத்தில் சிவில் தீர்ப்புகளைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. ஆகவே பயப்பட வேண்டியது எழுதுவதற்கு அல்ல, கடிதத்தைத் திறக்காமல் லாச்சிக்குள் போடுவதற்கு.

கடிதம் கையில் வந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது அதை அனுப்பியவர் யார் என்பதை. நியூஹாம், பிரென்ட், மேர்ட்டன் என்று கவுன்சிலின் பெயரோ லண்டன் போக்குவரத்து நிறுவனமான டிஎஃப்எல்லின் பெயரோ இருந்தால் அது ஒரு பாதை. கம்பனியின் பெயர் இருந்தால் முற்றிலும் வேறு பாதை. இரண்டுக்கும் சுருக்கப் பெயர் பிசிஎன்தான், கண்ணாடியில் ஒட்டும் உறையும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். அதனால் மேல்வரியை வாசிக்காமல் எவரிடமும் ஆலோசனை கேட்காதீர்கள். ஒருவருக்கு கவுன்சில் டிக்கட்டில் பலித்த யோசனை இன்னொருவரின் கம்பனி டிக்கட்டில் அவரைக் குழிக்குள் தள்ளியதைக் கண்டிருக்கிறேன்.

முதலில் கவுன்சில் பக்கம். இங்கே நான் குறிப்பாகக் கதைக்க விரும்புவது கடை வைத்திருப்பவர்களோடு. விடியக்காலையில் கேஷ் அன்ட் கரியில் அரிசி மூட்டையும் தேங்காய்ப் பெட்டியும் மரக்கறியும் ஏற்றிக்கொண்டு வந்து கடை வாசலில் வானை நிறுத்துகிறீர்கள். மஞ்சள் கோடு. நான்காவது மூட்டையை உள்ளே வைத்துவிட்டு வெளியே வர, கண்ணாடியில் டிக்கட். "மஞ்சள் கோட்டிலதானே நிப்பாட்டினனான்" என்று நீங்களே உங்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, கடை வருமானத்திலிருந்து எடுத்துக் கட்டிவிடுகிறீர்கள்.

மஞ்சள் கோட்டில் வாகனத்தைத் தரிக்க விடக்கூடாது, உண்மை. ஆனால் பாரமான சாமான் ஏற்றி இறக்குவதற்குப் பெரும்பாலான மஞ்சள் கோடுகளில் விலக்கு உண்டு, இரட்டைக் கோட்டிலும்கூட. விலக்கு இல்லாத இடத்தை நடைபாதையின் விளிம்புக் கல்லில் கண்டுகொள்ளலாம். கல்லின் மேல் குறுக்காக மஞ்சள் கீற்று அடித்திருப்பார்கள். ஒரு கீற்று என்றால் பக்கத்துப் பலகையில் எழுதியிருக்கும் நேரங்களில் இறக்கக்கூடாது. இரண்டு கீற்று என்றால் எந்த நேரமும் கூடாது. கீற்றே இல்லையா, இறக்கலாம். எவ்வளவு நேரம் என்பது பகுதிக்குப் பகுதி மாறும், டிஎஃப்எல்லின் சிவப்புக் கோட்டு வீதிகளுக்குச் சட்டம் வேறு. ஆனாலும் நாளைக்குக் கடை திறக்கும்போது உங்கள் வாசலிலுள்ள விளிம்புக் கல்லைக் குனிந்து பாருங்கள். பத்து வருடம் அதே வாசலில் கடை நடத்தியும் அந்தக் கல்லைப் பார்த்திராதவர்களை எனக்குத் தெரியும்.

சாமான் இறக்கியதற்கு ஆதாரம் வேண்டும். கேஷ் அன்ட் கரி பில்லில் திகதியும் நேரமும் அச்சாகியிருக்கும், அதை எறியாதீர்கள். கடைக் கமெராவில் நீங்கள் மூட்டை சுமக்கும் காட்சி சில நாளில் தானாக அழிந்துவிடும், அன்றைக்கே எடுத்து வையுங்கள். பெரும்பாலான கவுன்சில்களின் இணையத்தளத்தில் டிக்கட் இலக்கத்தையும் வாகன இலக்கத்தையும் போட்டால் வார்டன் எடுத்த படங்கள் வரும். அதில் எத்தனை மணிக்கு உங்கள் வானைக் கண்டார், எத்தனை மணிக்கு டிக்கட் எழுதினார் என்பதைப் பாருங்கள். பின்கதவு திறந்தபடி, உள்ளே பெட்டிகள் தெரியும்படி அவரே படம் எடுத்திருப்பார் சில வேளை. உங்கள் சாட்சி அதுதான்.

காசு கட்டித் தரிக்கும் இடங்களில் இன்னொன்று. இங்கிலாந்தில் 2015 ஏப்ரல் முதல், கட்டிய நேரம் முடிந்து பத்து நிமிடம் வரைக்கும் கவுன்சில் டிக்கட் எழுதக்கூடாது. எட்டாவது நிமிடத்தில் எழுதப்பட்ட டிக்கட்டுக்கும் பாதிக் காசு கட்டியவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சலுகை மஞ்சள் கோட்டுக்குப் பொருந்தாது, தரிப்பிடப் பெட்டிகளுக்குத்தான்.

கட்டங்களைச் சொல்கிறேன், இவற்றை மாத்திரம் ஒரு கடதாசியில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். கண்ணாடியில் டிக்கட் இருந்தால் 14 நாளுக்குள் பாதிக் காசு. அந்த நாட்களுக்குள்ளேயே முதல் மறுப்புக் கடிதத்தை அனுப்பினால், கவுன்சில் அதை நிராகரித்தாலும் பாதிக் காசு கட்டும் வாய்ப்பை வழக்கமாகத் திரும்பவும் தரும். ஆகவே முதல் கடிதத்தை எழுதுவதில் நீங்கள் இழப்பது பொதுவாக ஒன்றுமில்லை. அதற்குப் பிறகும் கட்டாவிட்டால் லொக் புக்கில் பெயர் உள்ளவருக்கு உரிமையாளர் அறிவித்தல் என்ற கடிதம் வரும். அதற்கு 28 நாளுக்குள் முறையான மறுப்பு எழுதலாம். கவுன்சில் அதற்கு 56 நாளுக்குள் பதில் தராவிட்டால் டிக்கட் செல்லாது. நிராகரித்துப் பதில் வந்தால், அந்தக் கடிதத்திலிருந்து 28 நாளுக்குள் சுயாதீனத் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். லண்டன் டிக்கட்டுக்கு லண்டன் ட்ரைபியூனல்ஸ், லண்டனுக்கு வெளியே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ட்ராஃபிக் பெனல்ட்டி ட்ரைபியூனல். கட்டணம் இல்லை. சட்டத்தரணி தேவையில்லை.

எங்கள் ஆட்கள் நின்றுவிடுவது இந்தக் கடைசிப் படிக்கு முன்னால். கவுன்சிலின் நிராகரிப்புக் கடிதம் மூன்று பக்கத்துக்கு இறுக்கமான ஆங்கிலத்தில் வரும். அதைப் பார்த்ததும், பெரிய இடத்திலிருந்து கடைசி முடிவு வந்துவிட்டது என்று காசைக் கட்டிவிடுகிறோம். அது முடிவல்ல. டிக்கட் எழுதியவரே தன்னுடைய டிக்கட் சரி என்று சொல்லும் கடிதம் அது. வெளியாள் ஒருவர் முதன்முதலாக உங்கள் கதையைக் கேட்பது தீர்ப்பாயத்தில்தான். அங்கே இருப்பவர் கவுன்சிலின் சம்பளத்துக்கு வேலை செய்யும் எழுதுவினைஞர் அல்ல, சட்டம் படித்த தீர்ப்பாளர். வார்டனின் குறிப்பு எங்கே, அறிவித்தல் பலகையின் படம் எங்கே என்று அவர் கவுன்சிலைக் கேட்பார். சில வழக்குகளில் கவுன்சில் ஆதாரம் அனுப்பாமலே ஒதுங்கிவிடுவதும் உண்டு. தோற்றால் என்ன நடக்கும் என்பதையும் மறைக்கமாட்டேன்: பாதி விலை போய்விடும், முழுக் காசு கட்ட வேண்டும். கையில் ஆதாரம் இருக்கிறதா என்று பார்த்து அந்த முடிவை எடுங்கள். பயத்தைப் பார்த்து எடுக்காதீர்கள்.

கவுன்சிலோடு மோத முடியாது என்று சொல்பவர்களுக்கு பார்னெட் கதையைச் சொல்வேன். அந்தக் கவுன்சில் குடியிருப்பாளர் பார்க்கிங் அனுமதியை 40 பவுணிலிருந்து 100 பவுணுக்கும், விருந்தினர் சீட்டை 1 பவுணிலிருந்து 4 பவுணுக்கும் ஏற்றியது. டேவிட் அட்ஃபீல்ட் என்ற குடியிருப்பாளர் வழக்குப் போட்டார். பார்க்கிங் கட்டணத்தை வருமானம் திரட்டும் கருவியாக வைக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை என்று 2013 ஜூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பார்னெட்டில் எங்கள் ஆட்களும் அந்தக் கூடின காசைக் கட்டினார்கள். வழக்குப் போட்டவர் எங்கள் ஆளல்ல. அடுத்த முறை எங்கள் பெயர் ஒன்றும் அந்த வரிசையில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

இனித் தனியார் கம்பனிகள். இங்கேதான் எங்கள் சனம் கூடுதலாக ஏமாறுகிறது, இரண்டு விதமாக. ஒரு பகுதியினர் கம்பனிக் கடிதத்தைக் கோர்ட் கட்டளை என்று நினைத்து அன்றிரவே கார்டில் கட்டுகிறார்கள். மற்றப் பகுதியினர், "தனியார் டிக்கட்டோ, கிழிச்சுப் போடு, அவங்களால ஒண்டும் செய்யேலாது" என்று சொல்கிறார்கள். அந்த ஆலோசனை ஒரு காலத்தில் பலித்தது. இன்றைக்கு அதைக் கேட்டு நடப்பவர் வீட்டுக் கடன் எடுக்கும் நேரத்தில் அழ வேண்டிவரும்.

முன்பு தனியார் நிலத்தில் நிறுத்தினால் சில்லைப் பூட்டுவார்கள். அந்தக் காலத்து வழக்கு ஒன்றை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். 1997இல் வைன் என்ற பெண்மணி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். மனம் உடைந்த நிலை. வழியில் குமட்டல் வந்து, வோல்தம் ஃபொரெஸ்டில் வீதியோரத் தரிப்பிடம் ஒன்றில் காரை நிறுத்தி இறங்கிச் சத்தி எடுத்தார். சில நிமிடத்தில் திரும்பி வர, சில்லில் பூட்டு. எச்சரிக்கைப் பலகை அங்கே இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு ரேஞ்ச் ரோவர் நின்று அதை மறைத்திருந்தது. கீழ்நீதிமன்றத்தில் தோற்றார். விடவில்லை. 2000ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பலகையை அவர் காணவில்லை என்றால், அதிலுள்ள நிபந்தனைக்கு அவர் சம்மதித்தவர் ஆகமாட்டார் என்பது அதன் சாரம். தனியார் நிலத்தில் பூட்டும் வழக்கமே 2012 அக்டோபர் 1இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் அந்த நியாயம் இன்னும் உயிரோடு இருக்கிறது: காணக்கூடியதாக, வாசிக்கக்கூடியதாகப் பலகை இல்லையென்றால் ஒப்பந்தம் இல்லை.

அதன் மறுபக்கம் பீவிஸ் வழக்கு. பேரி பீவிஸ் செல்ம்ஸ்ஃபோர்ட் ஊர்க் கடைத்தொகுதி ஒன்றில் இரண்டு மணித்தியால இலவசத் தரிப்பிடத்தில் 56 நிமிடம் கூடுதலாக நின்றார். 85 பவுண் கேட்டார்கள். அது அநியாயத் தொகை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 நவம்பர் 4இல் தோற்றார். அந்தத் தரிப்பிடத்தில் சுற்றிவர, பெரிய எழுத்தில், தெளிவாக அறிவித்தல்கள் இருந்தன என்பது அந்தத் தீர்ப்புக்கு ஒரு முக்கிய காரணம். அன்றோடு "கிழிச்சுப் போடு" என்ற ஆலோசனையும் செத்தது. இந்த இரண்டு வழக்கையும் சேர்த்து வாசித்தால் நீங்கள் செய்ய வேண்டியது விளங்கும். திரும்பிப் போய்ப் பலகையைப் படம் எடுங்கள். டிக்கட் இரவில் விழுந்ததென்றால் இரவில் எடுங்கள். நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து, சாரதி இருக்கையிலிருந்து, என்ன தெரிந்தது என்று எடுங்கள். மரக்கிளை மறைத்ததா, விளக்கு எரியவில்லையா, காசு எவ்வளவு என்ற வரி மட்டும் எறும்பளவில் இருந்ததா என்பதெல்லாம் வழக்கின் உயிர்.

அடுத்தது நாள்கணக்கு. கண்ணாடியில் ஒன்றும் ஒட்டாமல் கமெராவில் இலக்கத்தைப் பிடித்து அனுப்பும் கடிதங்களே இப்போது அதிகம். கம்பனி உங்கள் வாகன இலக்கத்தைக் கொடுத்து வாகனப் பதிவுத் திணைக்களமான டிவிஎல்ஏயிடம் பெயரையும் விலாசத்தையும் வாங்குகிறது. ஒரு பெயருக்கு இரண்டரைப் பவுண். ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் இப்படி வாங்குகிறார்கள். ஓட்டியவர் யாரென்று கம்பனிக்குத் தெரியாது, லொக் புக்கில் யார் என்றுதான் தெரியும். 2012இல் வந்த சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் ஓட்டியவருக்குப் பதிலாக லொக் புக்கில் உள்ளவரிடமே காசு கேட்கலாம் என்று கம்பனிக்கு ஓர் உரிமை கொடுத்தது. ஆனால் நிபந்தனையோடு கொடுத்தது. கண்ணாடியில் டிக்கட் ஒட்டாத இடத்தில், நிறுத்திய நாளுக்கு அடுத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் கடிதம் உங்கள் வீட்டில் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். தபாலில் போட்ட நாள் கணக்கில்லை. வந்து சேரும் நாள்தான் கணக்கு.

ஈஸ்ட்ஹாமில் ஒரு அண்ணையின் சாப்பாட்டு மேசையில் அப்படியொரு கடிதத்தைப் பார்த்தேன். இரண்டு சின்னக் கறுப்பு வெள்ளைப் படம், உள்ளே போகும் கார், வெளியே வரும் கார். சம்பவத் திகதி மாதத்தின் 2. கடிதத்தின் திகதி 20. வேறொன்றும் பார்க்கத் தேவையில்லை. அவருடைய மகள் இப்படித்தான் எழுதிக் கொடுத்தாள்: "நான் இந்த வாகனத்தின் பதிவுப் பொறுப்பாளர். உங்கள் அறிவித்தல் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் அட்டவணை சொல்லும் 14 நாட்களுக்குள் எனக்குத் தரப்படவில்லை. எனவே பொறுப்பாளர் என்ற வகையில் என்னிடம் இந்தத் தொகையைக் கோர முடியாது. ஓட்டியவரின் பெயரைத் தர எனக்குச் சட்டக் கடமை இல்லை. இதை இரத்துச் செய்யுங்கள்." அவ்வளவுதான். கெஞ்சல் இல்லை, குடும்பக் கஷ்டம் இல்லை, "நான் அன்றைக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போனபோது" என்ற ஆரம்பம் இல்லை. அந்த ஆரம்பம்தான் ஆபத்து. "நான் போனபோது" என்று எழுதிய கணமே ஓட்டியவர் யாரென்று நீங்களே சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள், நாள்கணக்கெல்லாம் வீணாகிவிடும்.

இதை வைத்துக்கொண்டு பொய் எழுதச் சொல்கிறேன் என்று எவரும் எடுக்கவேண்டாம். ஓட்டியவர் பெயரைச் சொல்லாமல் இருப்பதற்குச் சட்டம் இடம் தருகிறது. ஓட்டாத ஒருவரின் பெயரைச் சொல்ல இடமில்லை. ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்துபோன மாமாதான் ஓட்டினார் என்று எழுதும் பழக்கம் எங்களுக்குள் இருக்கிறது. விட்டுவிடுங்கள். நீதிமன்றம் வரை போய்விட்டால் அங்கே உண்மைக் கூற்றில் ஒப்பமிட வேண்டும். அதில் பொய் சொன்னால் அதுவரை சிவிலாக இருந்த விடயம் வேறொன்றாகிவிடும்.

கமெராக்களும் பிழை விடும். காலையில் பத்து நிமிடம், பின்னேரம் பத்து நிமிடம் என்று இரண்டு தரம் வந்துபோன காரை, இடையில் வெளியேறியதைப் பிடிக்காமல், நாள் முழுக்க நின்றது என்று கணக்குப் போடும். இடைநேரத்தில் வேறு இடத்தில் இருந்ததற்கு ஒரு பில்லோ வேலைத்தல வரவுப் பதிவோ போதும். கம்பனியிடம் உள்ள எல்லாப் படங்களையும் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கலாம், ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். இயந்திரத்தில் இலக்கத்தை அடிக்கும்போது பூச்சியத்துக்குப் பதில் 'ஓ' அடித்துவிட்டீர்கள், ஆனால் காசு கட்டிய பற்றுச்சீட்டு இருக்கிறது என்றால், அந்தச் சின்னப் பிழைக்கு டிக்கட்டை இரத்துச் செய்ய வேண்டும் என்று அவர்களுடைய சங்கங்களின் நடைமுறைக் கோவையே சொல்கிறது.

கம்பனி உங்கள் முதல் கடிதத்தை நிராகரித்தால், பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷனில் உள்ள கம்பனியென்றால் போப்லா என்ற அமைப்புக்குப் போகலாம். 28 நாள், கட்டணம் இல்லை. போப்லா உங்கள் பக்கம் சொன்னால் கம்பனி கட்டுப்பட்டே ஆக வேண்டும். உங்களுக்கு எதிராகச் சொன்னால் நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. கம்பனி வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போகட்டும். மற்றச் சங்கத்துக் கம்பனிகளுக்கு வேறொரு மேன்முறையீட்டு அமைப்பு இருக்கிறது, அதற்குக் காலம் வேறாக இருக்கலாம். கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும்.

அதற்குப் பிறகு கடன் அறவிடும் கம்பனிகளின் கடிதங்கள் வரத் தொடங்கும். சிவப்பு எழுத்து, பெரிய எழுத்து, தொகையில் 70 பவுண் கூட்டியிருக்கும். இந்தக் கட்டத்தில்தான் வீட்டுக்காரிக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டை தொடங்கும். அந்தக் கம்பனிகள் பெய்லிஃப் அல்ல. உங்கள் வாசலுக்கு வந்து ஒரு கதிரையைக்கூடத் தொட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. தனியார் டிக்கட்டுக்கு பெய்லிஃப் வருவதென்றால் முதலில் கோர்ட்டில் தீர்ப்பு விழுந்து, அதையும் நீங்கள் கட்டாமல் விட்டிருக்க வேண்டும்.

ஆனால் நடவடிக்கைக்கு முன்னறிவித்தல் என்ற கடிதம் வந்தால் 30 நாளுக்குள் பதில் எழுதுங்கள். நோர்தாம்ப்டனிலிருந்து கவுன்டி நீதிமன்றத்தின் வழக்குப் படிவம் வந்தால் அன்றைக்கே உட்காருங்கள். 14 நாளுக்குள், கிடைத்தது என்று பதில் கொடுத்தால் எதிர்வாதம் எழுத மொத்தம் 28 நாள் கிடைக்கும். ஒன்றுமே அனுப்பாவிட்டால் கம்பனி வாய் திறக்காமலே வென்றுவிடும். தீர்ப்பு விழுந்து ஒரு மாதத்துக்குள் முழுதும் கட்டினால் பதிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் ஆறு வருடம் உங்கள் கடன் பதிவில் இருக்கும்.

வீடு மாறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறும்போது பாங்குக்கும் ஜிபிக்கும் சொல்கிறோம், டிவிஎல்ஏக்குச் சொல்ல மறந்துவிடுகிறோம். லொக் புக்கில் பழைய விலாசம் இருந்தால் எல்லாக் கடிதமும் அங்கே போகும். ஒருநாள் தெருவில் காரில் பெய்லிஃபின் பூட்டு விழுந்திருக்கும்போதுதான் முதன்முதலாக விடயம் தெரியவரும். விலாசத்தை மாற்றுவதற்குக் காசு இல்லை; மாற்றாமல் விட்டால் ஆயிரம் பவுண் வரை தண்டம். அப்படி மாட்டுப்பட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. கவுன்சில் டிக்கட்டென்றால் நோர்தாம்ப்டனில் உள்ள ட்ராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டருக்கு, உரிமையாளர் அறிவித்தல் எனக்குக் கிடைக்கவில்லை என்று சாட்சிக் கூற்று அனுப்பலாம். உண்மையாகவே கிடைக்காதவர்கள் மட்டும்.

எல்லா டிக்கட்டும் அநியாயம் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். தேர்த் திருவிழா நாளில் பக்கத்து வீட்டுக்காரரின் வாசலை அடைத்து நிறுத்திவிட்டு, சாமி கும்பிட வந்த இடத்தில் டிக்கட் தந்துவிட்டார்கள் என்று கோபப்படுவதில் நியாயம் இல்லை. வலதுகுறைந்தோருக்கான இடத்தில் நிறுத்தியவருக்கு நான் ஒரு வரியும் எழுதிக் கொடுக்கமாட்டேன். அவற்றைப் பாதி விலையில் கட்டிவிட்டு, அடுத்த முறை பஸ்ஸில் வாருங்கள்.

கடைசியாக இரண்டு தரப்பினரிடம் கேட்கிறேன். இங்கே பிறந்து படித்த பிள்ளைகளே, அப்பா அம்மாவின் கடிதத்தைப் பார்த்து "கட்டிவிடுங்கோ" என்று சொல்லிவிட்டு மேலே அறைக்குப் போகாதீர்கள். உங்களுக்கு அரை மணித்தியால வேலை. அவர்களுக்கு அது இரண்டு நாள் உழைப்பு. கோயில்களையும் தமிழ்ப் பள்ளிக்கூடங்களையும் நடத்துபவர்களே, மாதத்தில் ஒரு ஞாயிறு மண்டபத்தின் மூலையில் ஒரு மேசை போட்டுக் கொடுங்கள். ஆங்கிலம் எழுதக்கூடிய இரண்டு இளையவர்களை அதில் இருத்துங்கள். ஆட்கள் கடிதத்தோடு வருவார்கள். வரும்போது கடிதத்தை மட்டுமல்ல, அது வந்த உறையையும் கொண்டுவரச் சொல்லுங்கள். தபால் திகதி அதில்தான் இருக்கும்.

அன்புடன்,
கிழக்கு லண்டனிலிருந்து ஒரு சாரதி